நெற்றிக்காசு

அறையில் முப்பத்தெட்டு டிகிரி. கணினியின் ப்ராசசரில் இருபத்தாறு.

பூவரசன் முதலில் சிரித்தான். கடத்தூரில் சித்திரை மாதத்துப் பகல் பதினொரு மணி. கல்நார் கூரைக்குக் கீழே மின்விசிறி சுடுகாற்றையே எடுத்து மறுபடி அவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது, வியர்வை காலரைத் தாண்டி முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தில் ஒரு காக்கை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. இந்த வெயிலில் முழு வேகத்தில் ஓடும் ஒரு ப்ராசசர் எண்பது டிகிரி காட்டினால் நியாயம். எழுபது காட்டினால் அதிர்ஷ்டம். அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறேன் என்று சொன்னால் பொய். காற்றை ஊதி ஆறவைக்கும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இது.

சென்சார் கெட்டிருக்கும் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ப்ராசசரை ஆறவைக்கும் கூலரின் அலுமினிய இதழ்களில் விரலை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நிழலில் இருந்த மண்பானையின் அடிப்பக்கத்தைத் தொட்டது போல இருந்தது.

அவன் பிழைப்பு கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்து நிற்கும்போது ஒரு கல்யாணத்தை முடிக்க ஒன்பது மணி நேரம் எடுக்கும் கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனிக்காரன் குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி ப்ராசசரையும் மெமரியையும் விரட்டிப் பார்த்தான். அதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். விரட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரட்டிய பிறகு நிலையாக ஓட வேண்டும், அதுதான் வித்தை. ஒவ்வொரு முறையும் சோதனை மென்பொருளை ஓடவிடுவான், இருபதாவது நிமிஷம் மெமரியில் பிழை, நீலத் திரை, அத்தோடு சரி. சூடுதான் எதிரி.

அதற்காகத்தான் சேலத்தில் பழைய சாமான் கடையில் பெரிய கூலர் ஒன்றை வாங்கி வந்தான். வேறொரு போர்டுக்குச் செய்தது. இவனுடையதில் சரியாக உட்காராமல் ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே இடைவெளி விட்டது. "ஒரு காசு கனம்தான்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு அவனுக்கு அந்தக் காசு நினைவுக்கு வந்தது.

அப்பா நஞ்சப்பன் நாற்பது வருஷம் வேட்டி மடிப்பிலேயே வைத்திருந்த செம்புக் காலணா அது. போன ஐப்பசியில் அவர் இறந்தபோது சந்தனம் குழைத்து அதைத்தான் அவர் நெற்றியில் ஒட்டினார்கள். கொள்ளி வைப்பதற்கு முன்னால் நெற்றிக்காசை மயானத்தில் வேலை பார்க்கும் குப்புராஜ் எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம். அவர் கையை நீட்டியபோது பூவரசன் முந்திக்கொண்டு அதைப் பெயர்த்துத் தன் இடுப்பில் செருகினான். மாமா கையிலிருந்து ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்தான்.

"அப்பா ஞாபகமா இருக்கட்டுங்க."

"அது வூட்டுக்குப் போற காசு இல்லப்பா" என்றார் குப்புராஜ். கொட்டுச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அந்தக் காசை வாட்டர் பேப்பரில் இரண்டு பக்கமும் தேய்த்தான். ராஜா தலை போயிற்று, எழுத்துப் போயிற்று, முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கிற்று. இருபுறமும் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி நடுவில் வைத்து கூலரைப் பூட்டினான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். இவன் நாலு திருகாணி போட்டு முறுக்கியும் வைத்தான்.

அன்று சோதனை ஆறு மணி நேரம் ஓடியது. பிழை பூஜ்யம்.

அறை குளிர்ந்தது. அம்மா பாஞ்சாலி முறத்தோடு வந்து சுவரோரம் காலை நீட்டிக்கொண்டாள். "என்னடா இது, உன் ரூம்பு மட்டும் ஏசி போட்டாப்ல கெடக்குது? இத மொதல்லயே பண்ணியிருந்தா ஒங்கப்பன் வெயில் வெயில்னு பொலம்பாம போயிருப்பாரு இல்ல?" என்று கேலி பேசியபடி புளியிலிருந்து கொட்டை எடுத்தாள். அவளும் அவனும் மட்டும்தான் அந்த வீட்டில். அக்கா தேவிப்பிரியாவை அரூரில் கொடுத்திருந்தது. பூவரசனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆசை யாரை விட்டது, மறுநாள் வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினான்.

பெட்டியின் பின்பக்கம் வழியாக வந்த குளிர்ந்த காற்றில் லேசாக ஒரு வாடை இருந்தது. பேஸ்ட் வாடை என்று விட்டுவிட்டான்.

மதியம் அம்மா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். தொட்டுப் பார்த்தான், மேல் கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்று இரண்டு. மாத்திரை கொடுத்தான். மூன்று மணிக்குச் சோதனை முடிந்தது, மூன்றே காலுக்கு அம்மா வியர்த்துக் கொட்டி எழுந்து தண்ணீர் கேட்டாள். மறுநாளும் காய்ச்சல். அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, வெயில் சூடு, இளநீர் கொடுங்கள் என்றார்கள்.

ஐந்தாம் நாள்தான் அவன் மனதில் அது விழுந்தது. விழுந்ததும், இருக்கவே இருக்காது என்று தள்ளினான். தள்ளிவிட்டு, பெற்ற தாயை வைத்துச் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். அம்மாவை அடுத்த அறையில் படுக்கவைத்து தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு வந்து, ப்ராசசரை ஒரு படி ஏற்றினான். நூறு. இன்னொரு படி. நூற்றொன்று புள்ளி நாலு. இன்னொன்று. அடுத்த அறையிலிருந்து, "அப்பா, சுடுதே" என்று முனகல் வந்தது. மூன்று படி இறக்கினான். முனகல் நின்றது. மௌஸின் மேல் இருந்த தன் கையை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

இத்தனை வேகத்தில் ஓடும் ப்ராசசர் சூடாகாமல் இருக்காது. சூடு எங்கோ போய்க்கொண்டிருந்தது. போகும் இடம் தெரிந்துவிட்டது.

காசை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான். காசு வைத்த பிறகு முதல் முறையாகக் கணினியை முழுதாக நிறுத்தினான், ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். சமையலறையில் குழாய் சத்தம். தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம், நிறையும் சத்தம், வழியும் சத்தம். வழிந்துகொண்டே இருக்கும் சத்தம்.

"அம்மா, கொழாய மூடும்மா."

குழாய் நிற்கவில்லை. போய்ப் பார்த்தான். அம்மா குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. கையைப் பிடித்தான், ஈர மண் குளிர்ச்சி. மூக்கின் கீழ் விரலை வைத்தான். ஒன்றும் வரவில்லை.

எப்படி ஓடினான் என்று அவனுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினான். திரை வெளுத்தது. எழுத்துகள் ஓடின. சோதனையைத் தொடங்கினான். ப்ராசசரின் உழைப்பைக் காட்டும் எட்டு கோடுகளும் நூறு சதவீதம் தொட்டன.

சமையலறையில் குழாய் மூடும் சத்தம் கேட்டது.

"தண்ணி எல்லாம் போவுது பாரு. என்னடா பேய் அறைஞ்சாப்ல நிக்கற?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அவன் கல்யாண வீடியோ எதையும் தொடவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. ஓவர்கிளாக்கிங்கில் இதுவரை கற்ற அத்தனையையும் ஒரே ஓர் எண்ணுக்காகப் பயன்படுத்தினான். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நாலு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் அம்மாவுக்குக் கண் சிவந்தது. நாலு புள்ளி இரண்டில் நகம் வெளுத்தது. நாலு புள்ளி நாலில், வோல்டேஜை நூலளவு குறைத்தபோது, தெர்மாமீட்டர் சரியாக அங்கே நின்றது. மெமரியை இழுத்துப் பிடித்து வைத்தால் பிழை விழுந்தது, பிழை விழும் நொடியில் அம்மாவின் கை ஒரு முறை செய்ததையே மறுமுறை செய்தது. உப்புப் போட்ட சாம்பாரில் இன்னொரு பிடி உப்பு. கோலத்தில் வைத்த புள்ளிமேலேயே இன்னொரு புள்ளி. மெமரியைத் தளர்த்தினான். ஒரு வாரம் தூங்காமல் பார்த்துப் பார்த்துச் செய்து கடைசியில் திரையில் அந்த வரி அப்படியே நின்றது. பிழை பூஜ்யம். அவன் பண்ணியதிலேயே நிலையான அமைப்பு அதுதான்.

அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாள்தான்.

அம்மா சாப்பிடுவதில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். தட்டில் போட்டுக்கொள்வாள், பிசைவாள், அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். தூங்குவதும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கணினி அறைக்குள் இப்போது காலெடுத்து வைப்பதில்லை. அங்கே ஸ்வெட்டர் போடாமல் உட்கார முடியாதபடி குளிர் இறங்கியிருந்தது, பின்பக்கக் காற்றின் வாடையும் பேஸ்ட் வாடை இல்லை என்று தெளிவாகிவிட்டது. வறட்டிப் புகை. அதற்குள் நெய். அதற்குள் இன்னொன்று. ஐப்பசியில் கொள்ளி வைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது முதுகுக்குப் பின்னால் வந்த அதே வாடை. குளிர்ந்த காற்றில்.

குப்புராஜைத் தேடிப் போனான். அவர் மயானத்தில் வேலியோரம் முள் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அந்தக் காசுங்க" என்று தொடங்கினான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எதுனா நெருப்புக்கிட்ட வெச்சியா?"

பூவரசன் தலையாட்டினான்.

"அன்னிக்கே குடுத்திருந்தா ஆத்துல போட்டுட்டு வேலையப் பாத்திருப்பேன்."

"இப்ப கொண்டாந்து குடுத்துடறேங்க."

"வேணாம்பா" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். அவன் தெருமுனை திரும்பும்வரை முள் வெட்டும் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்தடை என்று வாட்ஸாப்பில் வந்தது. இத்தனை நாளும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் போய் வந்த கரண்டை யு.பி.எஸ். தாங்கியிருந்தது. அதன் உயிர் பதினைந்து நிமிஷம்தான். மைக்செட் வைத்திருக்கும் அருண்குமாரிடம் ஜெனரேட்டர் கேட்டான். அவன் சனிக்கிழமை எட்டரைக்கே டெம்போவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான்.

அம்மா கதவருகே வந்து அதைப் பார்த்தாள். "அத திருப்பி எடுத்துட்டுப் போவச் சொல்லு" என்றாள்.

"இல்லம்மா, கம்ப்யூட்டருக்கு…"

"தெரியும்டா. போவச் சொல்லு."

அருண்குமார் ஒன்றும் புரியாமல் இவன் முகத்தைப் பார்த்தான். அம்மா அவனிடம், "வேணாம் கண்ணு, எடுத்துக்க. செரமத்துக்கு மன்னிச்சுக்க" என்றாள். டெம்போ போனது. ஒன்பது அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. பூவரசன் அழுதுவிட்டான். சின்னப் பையன்போல, மூக்கு ஒழுக.

"ஏம்மா இப்படிப் பண்ற?"

"சுடுதுடா" என்றாள் பாஞ்சாலி. குரலில் கோபம் இல்லை. "ஒங்கப்பன எடுத்துட்டுப் போனப்ப நாங்க தெருமுக்கோட நின்னுட்டோம். பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்ல இல்ல. அதனால நெருப்பு எப்படின்னு எனக்குத் தெரியாது. இப்ப இத்தன நாளா பாத்துக்கினே இருக்கறேன். கண்ண மூடுனா வெளிச்சமா இருக்குது. உள்ளதான் ஒக்காந்திருக்கறேன். அணையவே மாட்டேங்குது, பூவு."

மின்விசிறி நின்றது.

யு.பி.எஸ். கீச்சிட்டது. முதலில் அரை நிமிஷத்துக்கு ஒன்று. அம்மா தரையில் உட்கார்ந்து, "கையக் குடு" என்றாள். அவள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது, எப்போதும் போல, அவன் அமைத்து வைத்தது போல. அக்காவுக்கு போன் போடச் சொன்னாள், பிறகு வேண்டாம் என்றாள். கீச்சுகள் நெருங்கின. ஜன்னலில் வெயில். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கும் சத்தம். கீச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நீளச் சத்தமாயின.

நின்றது.

விரல்களிலிருந்து தொடங்கியது. அப்புறம் உள்ளங்கை. அப்புறம் மணிக்கட்டு. அவன் விடவில்லை. அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒன்று வந்தது. வேலை முடித்து வந்து உட்கார்ந்தவள் முகம். பூவரசனுக்கு நெஞ்சு வெடித்தது, ஆனாலும் அந்த முகத்துக்காக நிம்மதியாகவும் இருந்தது. செய்தது சரி என்று அந்த ஒரு தடவை நம்பினான்.

அப்புறம் ஊர் வந்தது. சாவு வீட்டில் யாரும் யாரையும் யோசிக்க விடுவதில்லை. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போட்டு உச்சந்தலையில் இறுக்கி முடிச்சிட்டார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். அக்கா தேவிப்பிரியா பதினொன்றரைக்கு வந்து விழுந்து அழுதாள். ஐஸ் பெட்டி வந்தது, "ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்துடுங்க, அதுவரைக்கும் கட்டி ஐஸ் வெச்சுக்கலாம்" என்றார் கொண்டுவந்தவர். காசைக் கழற்ற வேண்டும் என்று மனதின் மூலையில் இருந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு திரிகிறவனை ஊர் என்ன சொல்லும்? கணினி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான். செத்துக் கிடக்கும் மிஷின்தானே, எடுத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது கூடத்து மின்விசிறி சுற்றியது. "கரண்ட் வந்துடுச்சு" என்றார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமி எழுந்தது.

பூட்டிய அறைக்குள் இன்னொரு சத்தம் எழுந்தது.

மெல்லிய சத்தம். கூலர் விசிறி. அவனுக்கு மட்டும் தெரிந்த சத்தம். கரண்ட் போய் வந்தால் தானாக எழ வேண்டும், எழுந்ததும் தானாகச் சோதனையைத் தொடங்க வேண்டும் என்று அவன்தான் அமைத்திருந்தான். ஒரு நொடிகூட அம்மாவுக்கு வீணாகக் கூடாது என்று.

எழுந்தான். கூட்டம். "எங்கடா போற, கால்மாட்டுல நில்லு" என்று மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார். பறை தொடங்கியது. கதவு ஆறடி தூரம். சாவி இடுப்பில் இருந்தது.

போய் நிறுத்தலாம். நிறுத்தினால் இன்னொரு முறை அவன் கையால். நிறுத்தாவிட்டால் நாலு மணிக்குத் தூக்குவார்கள். தூக்கிக்கொண்டு போய்—

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்தது. அம்மா முகத்துக்கு நேராக. ஒரு கை அகலம்.

"மூஞ்சி தெரியல" என்று அக்கா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

பனி தானாகச் சுருங்கியது. மறுபடி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

உள்பக்கம்.

கூட்டம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. வாசலில் மூங்கில் பிளக்கும் சத்தம். யாரும் பார்க்கவில்லை. பூவரசன் பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே அம்மாவின் கண் திறந்து, அவனைத் தேடி, அவன்மேல் வந்து நின்றது. இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணிக்குள் தாடை திறக்கப் பார்த்தது. முடியவில்லை. மறுபடி பார்த்தது.